இரு வரலாறு, ஒரு நூல்

வரலாறு என்பது நடந்தவற்றின் பட்டியல் மட்டுமன்று. ஒரு மக்கட் கூட்டம் தன்னை இன்னார் என்று அறிந்துகொள்ளும் கண்ணாடியும் அதுவே. ஒரே நிலத்தில் வாழும் இரு மக்கள் இருவேறு கண்ணாடிகளில் தம்மைக் காண்பார்களாயின் என்ன நேரும் என்பதற்குப் பாலஸ்தீனம் சான்று.

1917-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் பிரிட்டிஷ் வெளிநாட்டமைச்சர் பால்ஃபர் ஒரு கடிதம் விடுத்தார். பாலஸ்தீனத்தில் யூத மக்களுக்குத் தேசிய இல்லம் அமைவதற்கு அது ஆதரவு கூறியது. அன்று அங்கு வாழ்ந்தோரில் மிகப் பெரும்பாலோரான அராபியரோ, ‘யூதரல்லாத சமூகத்தார்’ என்றே அதில் குறிக்கப்பெற்றனர். ஒருவர்க்கு வாக்குறுதியாகத் தோன்றிய கடிதம் மற்றவர்க்கு வஞ்சனையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

1947 நவம்பர் 29-இல் ஐக்கிய நாடுகள் சபை அந்நாட்டைப் பிரிக்கத் தீர்மானித்தது. கூட்டாட்சியே தக்கதென வாதிட்ட இந்தியா பிரிவினையை எதிர்த்து வாக்களித்தது. 1948 மே 14-இல் இஸ்ரேல் பிறந்தது. அவ்வாண்டுப் போரை இஸ்ரேலியர் ‘விடுதலைப் போர்’ என்கின்றனர். ஐரோப்பாவில் அறுபது லட்சம் யூதர் கொலையுண்டபின் கிடைத்த புகலிடம் அவர்கட்கு அது. ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் வீடும் ஊரும் இழந்த பாலஸ்தீனரோ அதனை ‘நக்பா’, அதாவது பேரழிவு, என்கின்றனர்.

இவ்விரண்டையும் ஒரே ஏட்டில் எழுத இயலுமா? 1998-இல் பேராசிரியர் டான் பார்-ஓன் என்ற இஸ்ரேலியரும் பேராசிரியர் சாமி அத்வான் என்ற பாலஸ்தீனரும் ‘ப்ரைம்’ என்னும் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினர். நாஜிக் கொடுமையில் தப்பியவர்தம் மக்களையும், அக்கொடுமை இழைத்தவர்தம் மக்களையும் ஓரிடத்தில் அமர்த்திப் பேசச் செய்தவர் பார்-ஓன். இருதரப்புப் பள்ளியாசிரியர்களும் கூடித் தத்தம் வரலாற்றை எழுதினர், மற்றவர் எழுதியதைப் படித்து வினவினர், பின்னர்த் திருத்தினர். இரண்டையும் ஒன்றாக்கிப் பொது வரலாறு சமைப்பது அன்றைய நிலையில் ஆகாது என உணர்ந்து, அருகருகே வைத்தனர். பக்கத்தின் ஒருபுறம் இஸ்ரேலியர் கூற்று, மறுபுறம் பாலஸ்தீனர் கூற்று. நடுவே மாணவன் தன் எண்ணத்தை எழுதுவதற்கு வெற்றிடம். இதுவே அந்நூலின் அமைப்பு.

இருதரப்பு அரசுகளும் இந்நூலைப் பாடநூலாக ஏற்கவில்லை. காஸா எல்லையை அடுத்த ஷாஅர் ஹநெகெவ் வட்டாரப் பள்ளியில் இதனைப் பயன்படுத்துவதை இஸ்ரேலியக் கல்வி அமைச்சகம் 2010-இல் தடுத்தது. 2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் நிகழ்த்திய தாக்குதலில் அவ்வட்டாரம் உள்ளிட்ட பகுதிகளில் சுமார் 1,200 பேர் மாண்டனர். தொடர்ந்த போரில் காஸாவில் பல்லாயிரவர் மடிந்தனர்.

ஒரு பாடநூல் போரைத் தடுத்திருக்கும் என்று நாம் சொல்லவில்லை. நிலம், எல்லை, அகதிகள் ஆகிய வழக்குகள் அரசியலால் தீர வேண்டியவை. ஆயினும் உடன்படிக்கையில் கையொப்பமிடுவோர் சிலர். அதனோடு வாழ வேண்டியவர் பலர். அயலான் தன் துயரைச் சொல்லக் கேட்பதால் நம் துயர் பொய்யாகிவிடாது என்பதை அப்பலரும் கற்றாக வேண்டும். அதற்கான இடத்தையே அந்நூல் பக்கத்தின் நடுவே விட்டுவைத்தது. அதை நிரப்பும் பணி இன்னும் எஞ்சியிருக்கிறது.