கோத்தார்டு மலையும் கொடுத்த வாக்கும்

சுவிட்சர்லாந்தின் ஊரி மாநிலத்தில் ரோய்ஸ் ஆறு ஓடும் பள்ளத்தாக்கு மிகக் குறுகலானது. ஆறும் இருப்புப்பாதையும் பழைய மலைச்சாலையும் அதற்குள் நெருக்கியடித்துக் கிடந்தன. 1980 செப்டம்பரில் 16.9 கிலோமீட்டர் நீளமுள்ள கோத்தார்டு சாலைச் சுரங்கம் திறக்கப்பட்டதும், ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் இடையே ஓடும் சரக்கு லாரிகள் அவ்வழியைக் கண்டுகொண்டன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஊரியில் ஏற்றவோ இறக்கவோ ஏதுமில்லை. புகையும் இரைச்சலும் மட்டுமே அங்குத் தங்கின.

அந்நாட்டில் 18 மாதங்களுக்குள் 1 லட்சம் குடிமக்களின் கையொப்பத்தைத் திரட்டினால், அரசியலமைப்பைத் திருத்தலாமா என்று நாட்டு மக்களிடமே கேட்கலாம். மலைப்பகுதி மக்கள் சிலர் 1989இல் அவ்வழியில் இறங்கினர். எல்லைவிட்டு எல்லை கடக்கும் சரக்கு இருப்புப்பாதையில் செல்ல வேண்டும். ஆல்ப்ஸைக் கடக்கும் சாலைகளின் கொள்ளளவைக் கூட்டக் கூடாது. அவ்வளவே கோரிக்கை. அரசும் நாடாளுமன்றமும் அதை எதிர்த்தன. 1994 பிப்ரவரி 20 அன்று 51.9 விழுக்காட்டினர் ஆம் என்றனர்.

தமிழில் வாக்கு என்பது ஓட்டையும் குறிக்கும், கொடுத்த சொல்லையும் குறிக்கும். வகுப்பறையில் பலபொருள் ஒருசொல் என்று கூறி நாம் கடந்துவிடுகிறோம். இவ்வரலாற்றில் அவ்விரு பொருளும் பிரிக்க இயலாதபடி பிணைந்து கிடக்கின்றன.

அந்த வாக்கைக் காக்கப் பொருள் வேண்டுமே! கனரக வாகனங்கள் ஓடும் தொலைவுக்கேற்பக் கட்டணம் விதிக்க 1998இல் மக்கள் ஒப்பினர். அந்த வருவாயும் சேர்ந்துதான் 57 கிலோமீட்டர் இரயில் சுரங்கம் குடையப்பட்டு 2016 ஜூனில் திறக்கப்பட்டது. ஆயினும் ஆல்ப்ஸைக் கடக்கும் லாரிகள் ஆண்டுக்கு 6.5 லட்சத்தைத் தாண்டலாகாது என்று சட்டம் குறித்த இலக்கு 2018இலும் எட்டப்படவில்லை. அவ்வாண்டு ஓடியவை 9 லட்சத்துக்கும் மேல். பாதி வாக்கு பொய்த்தது என்றே நாம் சொல்வோம்.

மறுபாதிக்கு வந்த சோதனை இன்னும் கடுமையானது. 2001 அக்டோபரில் சாலைச் சுரங்கத்துள் இரு லாரிகள் மோதித் தீப்பற்றியதில் 11 பேர் மாண்டனர். இரண்டாவது சுரங்கம் வேண்டும் என்ற குரல் வலுத்தது. அதற்கும் இடமளித்த நெடுஞ்சாலை விரிவாக்கத் திட்டத்தை 2004இல் ஏறத்தாழ 63 விழுக்காட்டினர் நிராகரித்தனர். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் கேள்வி வேறு உருவில் திரும்பி வந்தது. பழைய சுரங்கத்தைச் செப்பனிட நெடுங்காலம் மூட வேண்டும். மூடினால் தெற்கேயுள்ள டிச்சினோ மாநிலம் துண்டிக்கப்படும். டிச்சினோவின் அச்சத்தை நாம் குறைகூற மாட்டோம். 57 விழுக்காட்டினர் இரண்டாவது சுரங்கத்துக்கு இசைந்தனர்.

இசைந்தபோதும் சட்டத்தில் ஒரு பூட்டு இருந்தது. சுரங்கங்கள் இரண்டானாலும், திசைக்கு ஒரே தடத்தில்தான் வண்டிகள் ஓடலாம். கோடிகளைக் கொட்டி அகலமாகக் குடைந்துவிட்டுப் பாதியைப் பூட்டி வைப்பது விந்தைதான். விடுமுறை நாள்களில் சுரங்க வாயிலில் வண்டிகள் கிலோமீட்டர் கணக்கில் தேங்கும்போது அப்பூட்டு தாங்குமா என்ற ஐயம் நமக்கு உண்டு. ஆனால் 2024 நவம்பர் 24 அன்று, 490 கோடி பிராங்கில் ஆறு இடங்களில் நெடுஞ்சாலையை விரிக்கும் திட்டத்தை, அதுவும் ஆல்ப்ஸுக்கு வெளியே, 52.7 விழுக்காட்டினர் மறுத்திருக்கிறார்கள்.

இரண்டாவது சுரங்கத்தை 2030இல் திறப்பதாகத் திட்டம்.