மன்னாரில் எடுப்பும் விடுப்பும்

மன்னார்த் தீவு ஏறத்தாழ 26 கிலோமீட்டர் நீளமுள்ள மணல் நிலம். மலையும் இல்லை, ஆறும் இல்லை. ஆண்டு மழை 1000 மில்லிமீட்டரை ஒட்டியே பெய்கிறது. அதிலும் பெரும்பங்கு ஒக்டோபர் தொடங்கி டிசெம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மணலுக்குள் இறங்கும் மழைநீர், அடியில் நிற்கும் உப்புநீரின் மேல் மெல்லிய படையாகத் தங்குகிறது. ஆழமாகத் தோண்டினாலும் அளவுக்கு மீறி இறைத்தாலும் கிணறு கரிக்கத் தொடங்கும். இதனால் தீவில் ஆழக் கிணற்றைவிட ஆழமில்லாத துரவே வழக்கமாயிற்று. குடிக்க ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று என்று பிரித்து வைத்ததும் இந்தக் கணக்கில்தான்.

மன்னார் மக்களின் சூழல் வழக்கங்களில் பழையவை பலவும் இப்படித் தட்டுப்பாட்டில் பிறந்தவை. பனையைச் சுற்றி வளர்ந்த வாழ்க்கை அதற்குச் சரியான சான்று. குருத்தோலை பெட்டியும் பாயுமாகும். முற்றிய ஓலை கூரைக்கும் வேலிக்கும் போகும். வேலியில் இற்றுப்போன ஓலை தோட்டப் பாத்தியில் பசளையாகப் புதையும். பழத்தைப் பிழிந்து பனாட்டு, கொட்டையைப் புதைத்துக் கிழங்கு, கிழங்கைக் காயவைத்து ஒடியல், கிழங்கு எடுத்தபின் எஞ்சும் ஊமல் அடுப்புக்கு. மீனும் கருவாடும்கூட ஓலைப்பெட்டியிலேயே சந்தைக்குப் போயின. இதை யாரும் சூழல் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்ளவில்லை. வேறு பொருள் கையில் இல்லாத இடத்தில் இருப்பதை வீணாக்காத சிக்கனம் அது. பிளாத்திக்குப் பையும் தகரக் கூரையும் மலிவாக வந்து சேர்ந்ததும் ஓலை பின்வாங்கியதை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் மரத்தின் மீதான மதிப்பு போகவில்லை. பலா, ஈரப்பலா ஆகியவற்றோடு பெண்பனையை வெட்டவும் இலங்கையில் அனுமதி பெறவேண்டும் என்ற விதி இன்றும் இருக்கிறது.

கடலில் கதை வேறு. அங்கே எப்போது எடுப்பது, எப்போது விடுவது என்பதை நெடுங்காலம் ஊர் அல்ல, அரசே தீர்மானித்தது, காரணம் முத்து. சிலாவத்துறை, அரிப்பு, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு எதிரே, கடலடியில் பெரிய பார், செவல் பார் என்று பெயர் பெற்ற சிப்பிப் படுகைகள் இருக்கின்றன. சிப்பி முதிர நாலைந்து ஆண்டு வேண்டும். அதற்குமுன் எடுத்தால் முத்து இல்லை, பிந்தினால் சிப்பி தானே செத்துப்போகும். எனவே முத்துக்குளிப்புக்கு முன் பார்களைச் சோதித்து, மாதிரிக்கு அள்ளிய சிப்பியிலிருந்த முத்தை மதிப்பிட்டு, இலாபம் தேறும் என்று கண்டால் மட்டுமே அரசு அறிவித்தல் விட்டது. 1560இல் மன்னாரைப் பிடித்த போர்த்துக்கேயர், 1658இல் வந்த ஒல்லாந்தர், 1795இல் வந்த ஆங்கிலேயர் என்று ஆட்சி மாறினாலும், பார்களின் மீதான அரசின் பிடி மாறவில்லை.

விட்டுவைத்தால் என்ன நடக்கும் என்பதை ஒரு தகராறு காட்டியது. 1768க்குப் பிறகு இலங்கைக் கரையில் குளிப்பு நடக்கவில்லை; ஒல்லாந்தருக்கும் ஆற்காட்டு நவாபுக்கும் இடையில் உரிமைச் சண்டை. யாரும் அக்கறையோடு ஓய்வு கொடுக்கவில்லை, சண்டையே ஓய்வாக அமைந்தது. ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது பார்கள் நிறைந்திருந்தன. 1796, 1797, 1798 என்று மூன்று ஆண்டு தொடர்ச்சியாக அள்ளினார்கள். அடுத்த ஆண்டிலேயே வரும்படி சரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் இப்படிப் பொங்குவதும் வற்றுவதுமாகவே போனது. 1830களின் கடைசியிலிருந்து 1855 வரை குளிப்பே இல்லை.

முழுப் பழியையும் பேராசையின் தலையில் போட்டுவிடவும் முடியாது. 1902இல் ஆராய வந்த ஹேர்ட்மன் என்ற விலங்கியல் பேராசிரியர், சோளகக் காலத்தில் மணல் நகர்ந்து சிப்பியை மூடுவதையும், திருக்கை போன்ற மீன்கள் தின்பதையும், இடநெருக்கத்தில் குஞ்சுச் சிப்பிகள் மடிவதையும் பெரிய காரணங்களாகக் கண்டார். அவரது அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. அதே ஆண்டுகளில் குளிப்பு உச்சத்துக்குப் போனது. 1905இல் சுமார் 8 கோடிச் சிப்பி எடுக்கப்பட்டு, அரசுக்கு ஏறக்குறைய 25 இலட்சம் ரூபா கிடைத்தது.

அந்தக் காலத்து முகாம் ஒரு விநோத ஊர். பெப்ரவரியில் வெறும் மணலாக இருந்த இடத்தில் சில கிழமைகளுக்குள் பல்லாயிரம் பேர் குடியேறுவார்கள். கீழக்கரை, காயல் பக்கத்து முஸ்லிம்கள், பரவர், அரபிகள் என்று குளியாளிகள் இரண்டிரண்டு பேராக, ஒரு கல்லின் பாரத்தில் மாறிமாறி இறங்கினார்கள். சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம் தெரிந்த கடல்கட்டி கரையில் இல்லாவிட்டால் இறங்க மறுத்தார்கள். ஆங்கில அரசு அவருக்கும் சம்பளம் கொடுத்தது. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளியாளிக்கு, மீதி அரசின் ஏலத்துக்கு. வாங்கிய சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, புழு தின்றபின் கழுவி முத்தைப் பொறுக்குவது வழக்கம். அந்த நாற்றமும் ஈயும் 1906இல் மறிச்சுக்கட்டியில் வேலை பார்த்த இளம் அதிகாரி லெனார்ட் வுல்ஃபின் எழுத்திலும் இடம்பெற்றன. முகாம் கலைந்தபின் எஞ்சியது சிப்பியோட்டுக் குவியல். ஆள்வோரின் கணக்கில் பார்கள் பாதுகாக்கப்பட்டன; கரையைப் பற்றி அந்தக் கணக்கில் எதுவும் இல்லை.

1906இல் அரசு பார்களை ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது; வாடகை ஆண்டுக்கு 3,10,000 ரூபா. 1907க்குப் பிறகு சிப்பி கைவிட்டது, கம்பனியும் நொடித்தது. 1925இல் ஒருமுறை குளிப்பு நடந்தது. பின்னர் அந்தத் தொழில் பெயரளவுக்கே எஞ்சியது.

மீன்பிடியில் கட்டுப்பாடு ஊர்களின் கையில் இருந்தது. கரைவலை இழுக்கும் இடத்துக்குப் ‘பாடு’ என்று பெயர். பாட்டில் யார் எப்போது வளைப்பது என்பது முறைவைத்து நடக்கும், முறை தவறினால் ஊருக்குள் சண்டைதான். ஆழமில்லாத கடலில் கம்பு நட்டுக் கட்டும் சிறகுவலை, வற்றுப்பெருக்கை நம்பி ஓரிடத்தில் நிற்பது. பேசாலை, வங்காலை, பள்ளிமுனை போன்ற கத்தோலிக்க ஊர்களில் ஞாயிற்றுக்கிழமையும் பெருநாளும் கடலுக்குப் போகாத நாட்கள். இவை வழிபாட்டுக்கும் பங்கீட்டுக்குமாக வந்த விதிகள். கடலுக்குக் கிடைத்த ஓய்வு அவற்றின் பக்கவிளைவு. மீனவரை இயற்கையின் பிறவிக் காவலராகக் காட்டுவது பிழையாகும். கடற்பசுவின் இறைச்சிக்கு இந்தக் கரையில் எப்போதும் கிராக்கி இருந்தது. சட்டம் தடுத்த பிறகும் களவாக விற்றார்கள். அது அருகிப்போனதில் உள்ளூர்க் கைக்கும் பங்குண்டு.

நைலோன் வலையும் இயந்திரப் படகும் வந்தபின் பழைய முறைகள் ஆட்டம் கண்டன. 1983இல் தொடங்கிய போர் அவற்றைக் குலைத்தே போட்டது. கடலில் இறங்கத் தடை, இடப்பெயர்வு, 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியது ஆகியவற்றால் எருக்கலம்பிட்டி போன்ற ஊர்கள் ஆளற்றுப்போயின. கரைக்கார மீனவர் ஒதுங்கியிருந்த அந்த ஆண்டுகள் கடலுக்கு ஓய்வாக அமையவில்லை. தமிழ்நாட்டு இழுவைமடிப் படகுகளான றோலர்கள் பாக்கு நீரிணையில் பெருகி இந்தப் பக்கத்தையும் அரித்தன. 2009இல் போர் முடிந்தபின் திரும்பியவர்கள் கண்டது அறுந்த வலைகளையும் உழப்பட்ட கடலடியையும்தான். 2017 யூலையில் இலங்கைப் பாராளுமன்றம் இழுவைமடியை முற்றாகத் தடைசெய்தது. வடபகுதிச் சிறுமீனவர் நெடுநாள் கேட்டுவந்தது இது. உள்ளூர் றோலர்களை நம்பியிருந்த பேசாலைக் குடும்பங்களுக்கோ அதே சட்டம் பிழைப்பில் விழுந்த அடி.

நிலத்திலும் இதுபோன்ற சிக்கல் எழுந்தது. இருபது ஆண்டுக்குப் பின் திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள் முசலிப் பிரதேசத்தில் குடியேறியபோது, வில்பத்து தேசியப் பூங்காவை ஒட்டிய கல்லாறுக் காடு வெட்டப்பட்டது பெரும் சர்ச்சையாயிற்று. அந்தக் காடழிப்பு சட்டவிரோதம் என்று 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய காணிக்குத் திரும்பும் உரிமையும் காட்டைக் காக்கும் கடமையும் மோதிய இந்த வழக்கில், தெற்கின் சூழல் ஆர்வலரும் மன்னார் மக்களும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை.

போரின் கடைசி ஆண்டுகளும் அதற்குப் பிந்திய காலமும் பாதுகாப்பு அறிவித்தல்களின் காலமும் ஆயின. வங்காலையின் 4,839 ஹெக்டேயர் 2008இல் சரணாலயமாகி, 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. மாரிகாலத்தில் பூநாரைகளும் வாத்துக் கூட்டங்களும் இறங்கும் களப்பு அது. 2015இல் இராமர் பாலம் தேசியப் பூங்காவாயிற்று. 2016இல் விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கம். ஆனால் 2024 மே மாதத்தில், இறால் வளர்ப்புக்காக விடத்தல்தீவின் ஒரு பகுதியை ஒதுக்கத்திலிருந்து நீக்கி வர்த்தமானி வந்தது. உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட் வலுவுடன், 2020 டிசெம்பரில் தொடங்கப்பட்டன. தூய மின்சாரம் என்று நாடு கொண்டாடியது. அடுத்தடுத்த மழைகளில் வீட்டுக்குள் வெள்ளம் வந்தபோது, காற்றாலைக்காக மேடாக்கிய பாதைகள் நீரோட்டத்தை மறிக்கின்றன என்று ஊர்மக்கள் சொன்னார்கள். இல்மனைற்றுக் கனிமத்துக்காகத் தீவின் மணலில் துளையிட்டவர்கள்மீது அதைவிடப் பெரிய அச்சம் எழுந்தது. மணல் போனால் அதற்குள் தங்கும் நன்னீரும் போகும். அதானி நிறுவனத்தின் காற்றாலைத் திட்டத்துக்கு எதிராக 2024இல் சூழல் அமைப்புகளோடு மன்னார் ஆயரும் உச்ச நீதிமன்றம் போனார். மின்கட்டணத்தை மீளப் பேசவேண்டும் என்று புதிய அரசு சொன்னபின், 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது.

அதோடு முடியவில்லை. வேறு நிறுவனங்களின் காற்றாலைப் பாகங்கள் ஏற்றிய பாரவூர்திகளை 2025 ஆகஸ்டில் மக்கள் வீதியில் மறித்தார்கள். குருக்களும் இளைஞரும் மீனவச் சங்கங்களும் இராப்பகலாக வீதியில் இருந்தபின், ஜனாதிபதி வேலையை ஒரு மாதத்துக்கு நிறுத்திவைத்தார். செப்டெம்பரில் மீண்டும் பாகங்கள் வந்தபோது பொலிசாரோடு கைகலப்பு மூண்டது. 29ஆம் திகதி மன்னாரில் கடையடைப்பு. காற்று மின்சாரத்தை எதிர்க்கவில்லை, அதைத் தீவுக்கு வெளியே அமைக்கவேண்டும் என்பதும், மணல் அகழ்வை முற்றாக நிறுத்தவேண்டும் என்பதும் போராட்டக்காரரின் கோரிக்கைகளாக இருந்தன.