இருபரிமாண அடுக்குப் பொருட்கள்

இருபரிமாண அடுக்குப் பொருட்கள் என்பவை ஒருசில அணுக்களே தடிப்புள்ள படலங்களாகப் பிரிக்கத்தக்க திண்மங்கள் ஆகும். படலத்தினுள் அணுக்கள் வலுவாகப் பிணைந்துள்ளன. படலங்களிடையே வலுக்குறைந்த வான் டெர் வால்சு விசையே உள்ளது. சிவகங்கை மாவட்டத்தில் தோண்டியெடுக்கப்படும் கிராஃபைட்டு இவ்வகையைச் சார்ந்தது. பென்சில் முனை தாளில் எளிதில் தேய்வதும் இதனாலேயே.

பண்புகள்

2004 ஆம் ஆண்டில் மான்செசுட்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்தரே கெய்ம், கான்சுடன்டீன் நோவோசெலோவ் ஆகியோர் ஒட்டுநாடாவைக் கொண்டு கிராஃபைட்டிலிருந்து ஓரணுத் தடிப்புள்ள கிராபீனைப் பிரித்தனர். 2010 இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு இவர்களுக்கு வழங்கப்பட்டது. கிராபீன் மிகச்சிறந்த மின்கடத்தி. எனினும் ஆற்றல் இடைவெளி இல்லாததால், அதனாலான திரிதடையத்தில் மின்னோட்டத்தை முற்றாக நிறுத்த இயலாது. மாலிப்டினம் இருசல்பைடின் ஒற்றைப் படலத்தில் ஏறத்தாழ 1.8 இலத்திரன்வோல்ட்டு இடைவெளி உண்டு.

பயன்பாடுகள்

மாலிப்டினம் இருசல்பைடு உயவுப் பொருளாக நெடுங்காலமாகப் பயன்படுகிறது. அதன் ஒற்றைப் படலங்கள் திரிதடையம், வளிம உணரி ஆகியவற்றுக்காக ஆராயப்படுகின்றன. பெரும் பரப்பில் குறைபாடற்ற படலங்களை உருவாக்குவதே முதன்மையான இடர்ப்பாடு ஆகும்.