சாவியும் திறப்பும்

முதுமையெய்திய மாமியார் தம் இடுப்பினின்று எடுத்து மருமகளிடம் ஒப்புவிக்கும் கொத்துச் சாவியைக் குடும்ப அதிகாரத்தின் சின்னமாகவே நாம் பாவித்து வந்திருக்கிறோம். ஆயினும், இத்துணை அந்தரங்கமாக நம் இல்லங்களில் குடிபுகுந்துவிட்ட அச்சொல், லத்தீன் மொழியின் 'கிளாவிஸ்' என்பதினின்று பிறந்து, போர்த்துகீசியர் நாவில் 'சாவே' என உருமாறி, கடல் கடந்து வந்த ஒன்றாகும். வயலில் மணி பிடியாமல் பதராய்ப் போன பயிரைச் 'சாவி' என்று உழவர் கூறுவது வேறு. அது நம் சொல்லே.

1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்த பின்னர், தூத்துக்குடி, நாகப்பட்டினம், சாந்தோம் ஆகிய துறைகளில் போர்த்துகீசிய வர்த்தகரும் பாதிரிமாரும் நம் மக்களோடு நெருங்கிப் பழகிய காலத்தில், ஜன்னலும் அலமாரியும் மேஜையும் நம் பாஷையில் பிரவேசித்தன. புதிய பொருளோடு புதிய பெயர் வருவது இயல்பே. சாவியின் விஷயமோ அத்தகையதன்று. கதவை அடைக்கும் தாழைத் திருவள்ளுவரே உவமையாக ஆண்டிருக்கிறார்; தாழைத் திறக்கும் கருவிக்குத் தாழ்க்கோல் என்றும் திறவுகோல் என்றும் பெயர்கள் முன்னரே இருந்தன. அந்தத் தாழ்க்கோலைத்தான், போர்த்துகீசியர் முதன்முதல் காலூன்றிய மலையாள நாட்டார் இன்றும் 'தாக்கோல்' என்று வழங்குகின்றனர். கோலென்று சொல்லத்தக்க நீண்ட இரும்புக் கருவி போய், பெட்டிக்கும் பேழைக்கும் உரிய சிறு கருவி பரவியபோது, சொல்லும் சிறியதாக வேண்டுமென்று நம்மவர் கருதினர் போலும் என்பது என் அபிப்பிராயம்.

இதனினும் ரசமான செய்தியொன்று யாழ்ப்பாணத்தில் உண்டு. 1619-இல் போர்த்துகீசியர் வசமாகி, 1658-இல் ஒல்லாந்தர் கைக்கு மாறும்வரை அவர்தம் நேர் ஆட்சியிலேயே இருந்த அந்நாட்டுத் தமிழர், அடுக்களையைக் 'குசினி' என்றும், நாற்காலியைக் 'கதிரை' என்றும் போர்த்துகீசிய வழியிலேயே கூறுவர். எனினும் சாவியை மட்டும் 'திறப்பு' என்றே அழைப்பர். நாமோ நாற்காலியைக் காத்துக்கொண்டு திறவுகோலை ஏட்டிலே பூட்டிவிட்டோம்! ஆளப்பட்டவர்தாம் சொல்லை இழப்பர் என்னும் எளிய சித்தாந்தம் இங்கே செல்லாது.

நானூறு ஆண்டுகளாக நம்மோடு வாழ்ந்த சாவியை வெளியேற்ற வேண்டுமென்று நான் கூறவில்லை. திறவுகோல் நாவுக்கு நீளமென்று எண்ணுவோர், ஈழத்துச் சகோதரர் பேணி வைத்திருக்கும் 'திறப்பு' என்னும் அழகிய சொல்லையும் தம் வீட்டு வழக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்பதே என் விண்ணப்பம்.