மொத்த மதிப்பெண்ணும் அச்சுப் புள்ளியும்: தொடக்கநிலை எஸ்.எல்.ஆர். ஒப்பீடுகளின் நம்பகம்

2007ஆம் ஆண்டின் ஒளிப்பட இதழ் ஒன்றிலிருந்த கேமரா ஒப்பீட்டுப் பக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஐ.எஸ்.ஓ. 1600இல் எடுத்த இரண்டு படத்துண்டுகள், தபால்தலை அளவில், அருகருகே இருந்தன. இடப்பக்கத்துக் கேமராவில் இரைச்சல் குறைவு என்றது அடிக்குறிப்பு. கண்ணாடிக்கடியில் தெரிந்தவை ஆஃப்செட் அச்சின் நான்கு வண்ணப் புள்ளிகளே. சென்சாரின் இரைச்சல் எது, அச்சின் புள்ளி எது என்று பிரித்தறிய வழியே இல்லை. சான்றாக வைக்கப்பட்ட படத்தால் எதையும் சரிபார்க்க முடியவில்லை. வாசகர் நம்பியாக வேண்டியது எழுதியவரின் சொல்லைத்தான்.

அந்தச் சொல்லில் அளந்து சொன்னவற்றை நம்பலாம், அளவுகளைக் கூட்டி முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்துவதை நம்பலாகாது என்பது என் வாதம். விளம்பரதாரர்களுக்கு இதழ்கள் வளைந்துகொடுக்கின்றன என்ற குற்றச்சாட்டு பழையது; அதை நான் முற்றிலும் மறுக்கவில்லை. 1936இல் தொடங்கிய அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் விளம்பரம் வாங்காமல், தானே விலைகொடுத்து வாங்கிய பொருள்களைச் சோதிப்பது இந்த ஐயத்துக்கு இடம் வைக்காமல் இருக்கத்தான். ஆனால் நேர்மையான ஆசிரியரையும் விட்டுவைக்காத குறை ஒன்று ஒப்பீட்டு முறையிலேயே இருக்கிறது.

ஐ.எஸ்.ஓ. எண்ணையே எடுத்துக்கொள்வோம். ஐ.எஸ்.ஓ. 12232 என்ற தரநிலையின் 2006ஆம் ஆண்டுப் பதிப்பு, உணர்திறனைக் குறிக்க ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளை ஏற்கிறது. அவற்றுள் ஒன்று, தயாரிப்பாளர் பொருத்தமென்று கருதும் எண்ணைப் பரிந்துரைக்கவே இடம் தருகிறது. ஆகவே இரண்டு கேமராக்களில் 1600 என்று இருப்பதால் இரண்டும் ஒரே அளவு ஒளியைப் பெற்றன என்று ஆகாது. துளையளவும் ஷட்டர் வேகமும் அச்சிடாத இரைச்சல் ஒப்பீடு பாதி ஒப்பீடே.

தொடக்கநிலை எஸ்.எல்.ஆர். கேமராக்களான நிக்கான் டி40, கேனான் 400டி இரண்டும் 2006இல் அறிவிக்கப்பட்டவை. முன்னது 6 மெகாபிக்சல், பின்னது 10. கேட்கும்போது பெரிய இடைவெளி. படத்தின் அகலத்தில் பார்த்தால் 3008க்கு 3888. கூடுவது 29 விழுக்காடு மட்டுமே. மறுபுறம், டி40 ஃபிளாஷுடன் 1/500 நொடி வரை இணங்கும். 400டி 1/200 வரைதான். நண்பகல் வெயிலில், கண்குழிக்குள் விழும் கரிய நிழலை ஃபிளாஷால் நிரப்ப முயன்றவருக்கு இதன் அருமை தெரியும். அட்டவணையில் மெகாபிக்சல் முதல் வரியில் நிற்க, இது எங்கோ கீழே கிடக்கும்.

மொத்த மதிப்பெண் இன்னும் மோசம். ஒரு கேமராவுக்குப் படத்தரத்தில் 9, கையாளுதலில் 7. இன்னொன்றுக்கு 8, 9 என்று வைத்துக்கொள்வோம். படத்தரத்துக்கு 60 விழுக்காடு கொடுத்தால் இரண்டாவது 8.4க்கு 8.2 என்று வெல்கிறது. 70 கொடுத்தால் முதலாவது 8.4க்கு 8.3 என்று வெல்கிறது. கேமராக்கள் மாறவில்லை, அளவுகளும் மாறவில்லை, வெற்றியாளர் மாறிவிட்டார். அந்த 60ஐயோ 70ஐயோ தீர்மானித்தது ஆசிரியரின் விருப்பம். அவ்விருப்பத்தில் தவறில்லை. அதைப் பதின்மப் புள்ளிக்குப் பின்னால் ஒளித்து, அளவீடாகக் காட்டுவதே தவறு. போதாக்குறைக்கு, சோதிப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கேமராவை, அதனுடன் வந்த ஒரே ஒரு 18–55 மி.மீ. லென்ஸுடன். ஒரே தொழிற்சாலையில் செய்த இரண்டு லென்ஸ்களே கூர்மையில் வேறுபடும்போது, 0.1 வேறுபாட்டை எதன் கணக்கில் எழுதுவது?

டி40இன் உடலில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. தனக்கென மோட்டார் இல்லாத நிக்கானின் 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸை அதில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். அந்த நிறுவனம் மோட்டாருடன் கூடிய மலிவான 35 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை 2009இல்தான் கொண்டுவந்தது. பழைய நிக்கான் லென்ஸ்கள் வைத்திருந்தவருக்கு இந்த ஒரு செய்தியே முடிவைத் தீர்மானிக்கும். முதன்முதலாகக் கேமரா வாங்குபவருக்கோ பெரிதாக உறுத்தாது. இருவருக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண் எப்படிப் போடுவது?