கூலிக்கு ஆடியவர்கள்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், என்னிடம் முன்னாளில் படித்த ஒருவர் திருப்பூரில் தாம் நடத்திவரும் பின்னலாடைக் கூடத்தை எனக்குச் சுற்றிக் காட்டினார். ஓவர்லாக் இயந்திரங்களின் இரைச்சலைக் கடந்து செக்கிங் பகுதிக்கு வந்தபோது, மேசைமீது குவிந்து கிடந்த ஒருவகைச் சட்டை என் கண்ணைக் கவர்ந்தது. துணி நம் ஊர்ப் பனியன் துணியைவிட மும்மடங்கு கனம், குறுக்கே பட்டை பட்டையாக நிறம், வெள்ளைக் கழுத்துப்பட்டி. பொத்தானைத் தொட்டுப் பார்த்தேன், அது ரப்பராலாகியது. "ரக்பி ஆடுகிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள் ஐயா. கெட்டிப் பொத்தானாக இருந்தால் முகத்தைக் கிழித்துவிடும்" என்று அவர் விளக்கினார். கணக்கிலும் வரலாற்றிலும் காலங்கழித்த எனக்கு அந்த ஆட்டத்தைப் பற்றி அன்றுவரை யாதொன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து படிக்கத் தொடங்கினேன். படித்ததில் பாதி திருப்பூரின் கதையாகவே எனக்குத் தோன்றியதால்தான் இன்று அதை உங்கள்முன் எடுத்துக்கொண்டேன்.

இங்கிலாந்தின் வடபகுதியில் யார்க்ஷயர், லங்காஷயர் என இரு மாவட்டங்கள் உள்ளன. லங்காஷயர் பருத்தி நூற்ற நாடு; யார்க்ஷயர் கம்பளி நெய்த நாடு. நம் மக்கள் மான்செஸ்டர் துணி என்று சொன்னதும், 1932 ஆம் ஆண்டு சனவரியில் திருப்பூர்க் குமரன் உயிர்கொடுத்த இயக்கம் புறக்கணித்ததும் அந்நாட்டு ஆலைகளின் சரக்கைத்தான். ஆனால் அந்த ஆலைகளுக்குள்ளே நின்றவனும் நம்மைப் போன்ற கூலிக்காரனே என்பதை நாம் அதிகம் நினைத்துப் பார்த்ததில்லை. 1850 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வந்தபின் நெசவாலைகள் சனிக்கிழமைகளில் பிற்பகல் இரண்டு மணிக்கு நின்றன. வாரத்தில் அவர்களுக்குக் கிடைத்த ஓய்வு அந்த அரைநாளும் ஞாயிறுமே. ஞாயிறு கோயிலுக்கு உரியது; ஆகவே ஆட்டமெல்லாம் சனிக்கிழமைப் பிற்பகலில் நடந்தது.

உள்ளூரில் ஆடினால் தொல்லையில்லை. வெளியூருக்குச் சென்று ஆடவேண்டுமாயின் காலையிலேயே இரயிலேற வேண்டும். ஏறினால் அன்றைய கூலி போயிற்று. கழகத்தார் டிக்கெட் விற்றுப் பணம் திரட்டினர். ஆடியவனோ கூலியிழந்து வீடு திரும்பினான். இழந்த கூலியை மட்டும் ஈடுசெய்ய அனுமதிக்க வேண்டும் என்று யார்க்ஷயர்க்காரர்கள் 1893 இல் இலண்டனில் கூடிய ரக்பிச் சங்கப் பேரவையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தனர். சம்பளம் கேட்கவில்லை, பரிசு கேட்கவில்லை. இழந்ததைத் தருக என்றே கேட்டனர். ஆதரவு 136, எதிர்ப்பு 282. தீர்மானம் தோற்றது. எதிர்த்தவர்களுள் பெரும்பாலோர் உயர்ந்த பள்ளிகளில் பயின்ற கனவான்கள். காசு வாங்கினால் விளையாட்டின் தூய்மை கெடும் என்பது அவர்கள் வாதம். கூலியிழப்பது என்றால் என்னவென்று அறியாதவர்களுக்குத் தூய்மையைப் பற்றிப் பேசுவது எளிது. இப்படிச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்பதைப் பின்னர்க் கூறுகிறேன்.

1895 ஆகஸ்டு 29 ஆம் நாள், கம்பளி நெய்யும் நகரமான ஹடர்ஸ்ஃபீல்டில், ஜார்ஜ் ஓட்டலில் வடநாட்டுக் கழகங்களின் சார்பாளர்கள் கூடித் தனிச் சங்கம் அமைத்தனர். முதற்பருவத்தில் 22 கழகங்கள் அதில் சேர்ந்தன. வேலையிழந்த நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் என்று விதித்தனர். அதற்கு மேல் வாங்கினால் குற்றம். 1898 இல் வெளிப்படையாகவே ஊதியம் தரலாம் என்று ஏற்றுக்கொண்டபோதும், ஆட்டக்காரனுக்கு வேறொரு முறையான தொழில் இருந்தே தீரவேண்டும் என்ற நிபந்தனையை விடவில்லை. பார்க்க வருவோர் காசு கொடுத்து வருவதால் ஆட்டமும் விரைவாக இருக்கவேண்டுமென்று 1906 இல் அணிக்கு 15 பேர் என்பதை 13 ஆகக் குறைத்தனர். இவ்வாறு பிரிந்த ஆட்டத்துக்கே ரக்பி லீக் என்று பெயர்.

இதில் முன்னணி வீரர் எனப்படுவோர் பந்தைத் தூக்கிக்கொண்டு எதிரணியின் நடுவிலேயே மோதிச் செல்பவர்கள். எதிரி ஓடிவந்தால் இடுப்பைக் கட்டி வீழ்த்துபவர்களும் அவர்களே. கைதட்டல் பின்னே ஓடுகிற வேகக்காரனுக்குப் போய்ச் சேரும், அடி இவர்களுக்கு. அப்படிப்பட்ட ஒருவர் டக்ளஸ் கிளார்க். 1891 இல் கம்பர்லாந்து மாவட்டத்தில் பிறந்தவர். தந்தையாருக்கு நிலக்கரி வியாபாரம். மகன் சிறு பிராயத்திலேயே கரிமூட்டை சுமந்து உடம்பை உரமாக்கிக்கொண்டார். 1909 இல் ஹடர்ஸ்ஃபீல்டுக் கழகத்தில் சேர்ந்தார். அக்கழகம் 1914–15 ஆம் பருவத்தில் தான் வெல்லக்கூடிய நான்கு கோப்பைகளையும் வென்றது.

1914 சூலை 4 அன்று சிட்னி நகரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நடந்த ஆட்டம் அவர் வாழ்வில் மறக்கவொண்ணாதது. அக்காலத்தில் மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே கிடையாது; அடிபட்டு வெளியேறினால் அணி அத்தனை பேரோடுதான் ஆடவேண்டும். தொடக்கத்திலேயே கிளார்க்கின் கட்டைவிரல் முறிந்தது. கட்டிக்கொண்டு ஆடினார். பிற்பாதியில் தோள் எலும்பும் முறிந்தது. அதையும் கட்டிக்கொண்டு திரும்ப வந்தார், இயலவில்லை. கண்ணீரோடு வெளியேறினார் என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்து, பிரிட்டிஷ் அணி 13 பேரில் 10 பேராகக் குறைந்துபோன பின்பும் 14–6 என்று வென்றது. ஆங்கிலேயர் அந்த ஆட்டத்துக்கு ஒரு போர்க்களத்தின் பெயரைச் சூட்டினர். ஒரு மாதம் கழித்து உண்மையான போரே வந்துவிட்டது. கிளார்க் பட்டாளத்தில் வண்டியோட்டியாகச் சேர்ந்தார், பாசெண்டேல் களத்தில் நச்சுப்புகையும் குண்டுச் சிதறல்களும் அவரைத் தாக்கின, வீரப்பதக்கம் கிடைத்தது. இனி இவர் ஆடமாட்டார் என்று கருதப்பட்டவர் 1920 இல் மீண்டும் ஆஸ்திரேலியா சென்று ஆடினார். 1929 வரை ஒரே கழகத்துக்காக அவர் ஆடிய ஆட்டங்கள் 485. அதற்குப் பின்னரும் ஓயவில்லை. மல்யுத்தத்தைத் தொழிலாகக் கொண்டு உலக வாகையர் என்ற பட்டம் பெற்றார். 1951 இல் காலமானார். இவ்வளவுக்கும் இடையே கரி வியாபாரத்தை அவர் கைவிடவில்லை. ஆட்டம் சோறு போடும். ஆனால் எத்தனை நாளைக்கு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் நாட்டில் ரக்பி லீக் இல்லையே என்று கேட்கலாம். ஆயினும் ஓடிவருபவனை மடக்கி வீழ்த்துவதே உயிராக உள்ள ஆட்டம் நம்மிடம் இல்லாமலில்லை. சடுகுடுவைத்தான் சொல்கிறேன். ரக்பி லீக்கில் ஆறு முறை மடக்கப்பட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். நம் தொழில்முறை ஆட்டத்திலோ தொடர்ந்து இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாம் முறை பாடிச்செல்பவர் புள்ளி எடுத்தே ஆகவேண்டும். 1936 இல் அமராவதி நகரத்துக் குழுவொன்று பெர்லின் ஒலிம்பிக்கில் இதை ஆடிக் காட்டிற்று. 1990 இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் இடம்பெற்றது. 1994 இல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் ஆடிய மணத்தி கணேசனுக்கு அடுத்த ஆண்டு அர்ச்சுனா விருது கிடைத்தது. இவர்கள் காலத்தில் ஆட்டத்துக்குச் சம்பளமில்லை. ஆடுகிறவனுக்கு வேலை கிடைத்தது. இரயில்வே, காவல்துறை, மின்சார வாரியம், வங்கிகள் ஆகியவை அணி வைத்திருந்தன. பகலில் அலுவலகம், மாலையில் மைதானம். ஆட்டக்காரனுக்கு வேறு தொழில் வேண்டும் என்ற 1898 ஆம் ஆண்டு விதியை நாம் எழுதாமலே கடைப்பிடித்தோம் எனலாம்.

2014 சூலையில் தொழில்முறைத் தொடர் வந்தது. அதற்கான முதல் ஏலத்தில் மிக உயர்ந்த விலை ராகேஷ் குமாருக்குக் கிடைத்த 12 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய். தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதனுக்கு அப்போது வயது 39. மற்ற ஆட்டங்களில் அந்த வயதில் பயிற்சியாளராகிவிடுவார்கள். இவரோ வலது மூலையில் நின்று, வருபவரின் கணுக்காலைப் பிடிப்பதிலே வல்லவர். முன்சொன்ன முன்னணி வீரரின் வேலைதான் இதுவும். பாடிச்செல்பவர் புகழ் பெறுவார். மூலையில் நிற்பவர் முழங்கால் தேய்வார். 2016 இல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையை வென்றார். அவ்வாண்டே அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அப்போது வயது 41. பின்னர்ப் புனே, மும்பை, அரியானா அணிகளுக்கும் ஆடினார். உடன் ஆடும் வடநாட்டு இளைஞர்களும் அவரை "அண்ணா" என்றே அழைத்தனர். நல்ல தமிழ்ச்சொல் ஒன்று வடக்கே சென்றதில் ஓர் ஆசிரியனுக்கு மகிழ்ச்சி இராதா?

காசு பெருகியதும் பழைய கேள்வி தீர்ந்துவிடவில்லை. 2022 இல் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத்தை 2 கோடியே 26 இலட்சத்துக்கு ஏலத்தில் எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்காலில் அடிபட்டது. அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. அடுத்த ஏலத்தில் வேறோர் அணி 2 கோடியே 60 இலட்சத்துக்கு மேல் கொடுத்து அவரை எடுத்ததால் அவருக்குக் குறைவு வரவில்லை. புகழ்பெற்ற முழங்காலுக்கு அது நடந்தது. எங்கள் பக்கத்து ஊர்களில் விளக்கு வெளிச்சத்தில் இரவுப் போட்டி ஆடிவிட்டு, விடிந்ததும் கம்பெனிக்குப் போகிற பையனின் முழங்காலுக்கு எந்த ஏலமும் இல்லை.

தகுதியைப் பற்றிச் சொல்வதாகக் கூறினேன் அல்லவா? 1988 ஆம் ஆண்டு. நான் பட்டதாரி ஆசிரியனாகி நான்காண்டு ஆகியிருந்தது. நொய்யலுக்குத் தெற்கே ஒரு பள்ளி. சடுகுடு அணியின் பொறுப்பு என்னிடம் இருந்தது. பத்தாம் வகுப்பில் ஒரு பையன், பிடித்தால் விடமாட்டான். வட்டாரப் போட்டிக்கு முதல்வாரம், அவன் ஓர் ஊர்த் திருவிழா ஆட்டத்தில் வேற்றூர் அணிக்காக ஆடி நாற்பது ரூபாய் வாங்கினான் என்று செய்தி வந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை. "ஞாயித்துக்கெழம கைமடிக்குப் போவனுங்க சார். ஆட்டத்துக்குப் போனா ஒரு ஷிப்ட் போயிருமுங்க. அதத்தானுங்க குடுத்தாங்க" என்றான். காசுக்கு ஆடுகிறவன் என் அணியில் இருக்கமுடியாது என்று சொல்லி அவனை நீக்கினேன். அன்று எனக்கு என்மீது பெருமையாகக்கூட இருந்தது. அவன் தையை அடுத்துப் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். நாங்கள் வட்டாரப் போட்டியில் தோற்றோம், அது பெரிதன்று.

ஹடர்ஸ்ஃபீல்டின் கதையைப் படித்த இரவில் அந்த ஒரு ஷிப்ட் என் நினைவுக்கு வந்தது. இலண்டனில் எதிர்த்து வாக்களித்த 282 பேரோடு கணக்குப் பார்த்தால் நான் 283 ஆவது ஆள். அந்தக் கனவான்களின் ஆட்டமும் 1995 ஆகஸ்டு 26 ஆம் நாள் ஊதியத்துக்கு இசைந்தது. பிரிந்து நூறாண்டு நிறைவதற்கு மூன்று நாள் குறைவு. எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இவ்வாண்டு வைகாசியில் அவர் என் வீட்டுக்கு வந்தார். அவர் என்றுதான் சொல்லவேண்டும், தலை நரைத்துவிட்டது. ஒரு கூடத்தில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறார். மகளுக்குக் கல்யாணம், வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்தார். காப்பி அருந்திக்கொண்டிருக்கையில், வட்டாரப் போட்டி நினைவிருக்கிறதா என்று கேட்டேன். சற்று யோசித்தார்.

"எந்தப் போட்டிங்க சார்?" என்றார்.

உண்மையிலே மறந்தாரா, எனக்காக மறந்தாரா என்று தெரியவில்லை. நான் மேலே பேச வாயெடுப்பதற்குள், முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு, மறக்காமல் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வரவேண்டும் என்று சொல்லி எழுந்துவிட்டார்.