காவலூர் மொட்டை மாடியும் ஒரு வைஃபை கார்டும்

இந்த வாரம் ஒரு சின்னப் பொருளோட வரலாறு. உங்க லேப்டாப்பைத் திருப்பி மூடியைக் கழட்டினா, பிஸ்கட்ல பாதி அளவுக்கு ஒரு பச்சை அட்டை இருக்கும். ரெண்டு மெல்லிய ஒயர் அதுல மாட்டியிருக்கும். அதுதான் வைஃபை கார்டு. அது வேலை செய்யுற வரைக்கும் யாரும் அதை நினைக்கிறதே இல்ல.

நான் நினைக்க வேண்டி வந்தது 2016-ல. காலேஜ்ல மூணாவது வருஷம். பெரியப்பா பையன் தூக்கிப் போட இருந்த லேப்டாப்பை எனக்குக் கொடுத்திருந்தான். விண்டோஸ் ஊர்ந்துக்கிட்டு இருந்ததால, ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அதை அழிச்சிட்டு லினக்ஸ் போட்டேன். எல்லாம் அருமையா வந்துச்சு, வைஃபையைத் தவிர. லேன் போர்ட் ஏற்கெனவே உடைஞ்சு போச்சு. திங்கட்கிழமை காலையில இன்டர்ன்ஷிப்புக்கு ஆன்லைன் டெஸ்ட். நடுவுல சனிக்கிழமை நண்பர்களோட காவலூர் போறதா பிளான். கேன்சல் பண்ண மனசு வரல, லேப்டாப்பையும் பையில போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

வாணியம்பாடியில இறங்கி, ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில ஏறினா காவலூர். கடல் மட்டத்துல இருந்து சுமார் 725 மீட்டர் உயரம். வைணு பாப்பு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததுக்கு முக்கியமான காரணம், நிலநடுக்கோட்டுக்குப் பக்கமா இருக்கிறது. வடக்கு வானத்தோட தெற்கு வானத்தையும் நிறையப் பார்க்கலாம். 1968-ல நம்ம ஆட்களே செஞ்ச 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோட இங்கே வேலை ஆரம்பிச்சது. 1972-ல 102 சென்டிமீட்டர் தொலைநோக்கி வந்தது. 234 சென்டிமீட்டர் தொலைநோக்கி 1986-ல திறக்கப்பட்டு, இன்னைக்கு பாப்பு பெயரைத் தாங்கி நிக்குது. அதைப் பார்க்க அவர் உயிரோட இல்ல. 1982-லேயே இறந்துட்டார்.

அன்னைக்கு அங்கே கேட்ட ஒரு கதை என் மண்டையில ஒட்டிக்கிச்சு. 1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால கடந்து போகப் போகுதுன்னு கணக்குப் போட்டு, உலகத்துல பல இடத்துல ஆட்கள் தயாரா இருந்தாங்க. காவலூர்ல ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் 102 சென்டிமீட்டர் தொலைநோக்கியில அந்த நட்சத்திர வெளிச்சத்தைப் பதிவு செஞ்சாங்க. கிரகத்தோட உருண்டைக்கு வெளியே, ஒண்ணுமே இருக்கக்கூடாத இடத்துல, வெளிச்சம் கொஞ்ச நேரம் மங்கித் திரும்ப வந்தது. அங்கே ஏதோ இருக்கு. ஆனா என்னன்னு நேரடியாப் பார்க்க முடியாது. ஒரு புது துணைக்கோள்னுதான் அவங்க நேச்சர் இதழ்ல எழுதினாங்க. அதே நேரத்துல இந்தியப் பெருங்கடலுக்கு மேல, விமானத்துல வெச்ச தொலைநோக்கியில பார்த்துக்கிட்டிருந்த அமெரிக்கக் குழு, கிரகத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரே தூரத்துல வெளிச்சம் மங்குறதைக் கண்டது. துணைக்கோள்னா அப்படி வராது. வளையம்னாதான் வரும். யுரேனஸுக்கு வளையங்கள் இருக்குன்னு உலகத்துக்குத் தெரிஞ்சது அப்படித்தான்.

இதை இப்போதைக்கு ஓரமா வைங்க. கார்டுக்கு வருவோம்.

அன்னைக்கு ராத்திரி தங்கினது ஆலங்காயத்துல நண்பன் வீட்டு மொட்டை மாடியில. கீழே ரூட்டர் மினுக்கிக்கிட்டு இருக்கு, என் லேப்டாப்புக்கு அது கண்ணே தெரியல. என் போன்ல டேட்டா மாசத்துக்கு 1 ஜிபி. அதை யுஎஸ்பி ஒயர்ல இணைச்சு, சொட்டுச் சொட்டா செலவு பண்ணித் தேடினேன். கார்டோட அடையாள எண் கிடைச்சது. அந்த எண்ணுக்கு லினக்ஸ்ல டிரைவர் இல்லைங்கிறதும் தெரிஞ்சது. கம்பெனி பேரு வேண்டாம், விடுங்க.

டிரைவர்னா என்ன? கார்டுக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் நடுவுல உட்கார்ந்திருக்கிற மொழிபெயர்ப்பாளர். எந்த ரிஜிஸ்டர்ல எந்த எண்ணை எழுதினா ரேடியோ ஆன் ஆகும், சேனல் மாறும்னு அதுக்குத்தான் தெரியும். அந்த விவரம் கார்டு செஞ்ச கம்பெனிகிட்ட இருக்கும். 2000-களோட தொடக்கத்துல பல கம்பெனிகள் விண்டோஸுக்கு மட்டும் டிரைவர் எழுதிட்டு, அந்த விவரத்தைப் பூட்டி வெச்சுக்கிட்டாங்க. போட்டிக் கம்பெனி பார்த்துடும்கிறது ஒரு காரணம். ரேடியோ அலைவரிசையை யாராவது விதிமீறிப் பயன்படுத்தினா அரசாங்க ஒழுங்குமுறை அமைப்புகள் எங்களைக் கேட்கும்கிறது இன்னொரு காரணம். ரெண்டாவது காரணத்துல கொஞ்சம் நியாயமும் இருக்கு.

பூட்டின கதவைத் திறக்க மூணு வழி பிறந்தது.

முதல் வழி, ஏமாத்துறது. 2003-ல பொன்டஸ் ஃபுக்ஸ் என்பவர் என்டிஐஎஸ்ராப்பர்னு ஒரு புரோகிராமை ஆரம்பிச்சார். பிறகு அதை கிரிதர் பெம்மசானி பெரிய அளவுல வளர்த்தார். விண்டோஸுக்காக எழுதின டிரைவர் ஃபைலை அப்படியே எடுத்து லினக்ஸுக்குள்ள ஓட விடுறதுதான் ஐடியா. தெருக்கூத்துல ஒரு பெஞ்சைப் போட்டு இதுதான் துரியோதனன் சிம்மாசனம்னா, கூத்து நடக்குமில்ல? அதே மாதிரி, டிரைவர் விண்டோஸ்ல எந்தெந்த ஃபங்ஷனைத் தேடுமோ, அந்தப் பேர்ல லினக்ஸ் ஃபங்ஷன்களை நிறுத்தி வெச்சாங்க. டிரைவர் தான் விண்டோஸ்ல இருக்கிறதா நம்பி வேலை செஞ்சது.

ரெண்டாவது வழி, வெளியே நின்னு கவனிக்கிறது. பிராட்காம் சிப்புகளுக்கு இதுதான் நடந்தது. லின்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டர் உள்ளே லினக்ஸ்லதான் ஓடுதுன்னு 2003-ல கண்டுபிடிச்சாங்க. லைசென்ஸ்படி சோர்ஸ் கோடு வெளியே வந்தது. ஆனா வைஃபை டிரைவர் மட்டும் பைனரியாவே இருந்தது. அப்போ ஒரு குழு பைனரியைப் பிரிச்சுப் பார்த்து, "இந்த ரிஜிஸ்டர்ல இதை எழுதினா இது நடக்குது"ன்னு வெறும் விளக்கமா எழுதியது. இன்னொரு குழு அந்தப் பைனரியைத் தொடாம, விளக்கத்தை மட்டும் படிச்சுப் புது டிரைவரை எழுதியது. காப்பியடிச்சேன்னு யாரும் சொல்லக்கூடாதுங்கிறதுக்காக நடுவுல அப்படி ஒரு சுவர். 2006-ல அந்த டிரைவர் லினக்ஸ் கெர்னல் 2.6.17-க்குள்ள போச்சு.

மூணாவது வழி, கம்பெனியே வாயைத் திறக்கிறது. 2008-ல ஏதெராஸ் தன்னோட புது சிப்புகளுக்கு ஏடிஎச்9கே டிரைவரை சோர்ஸ் கோடோட கொடுத்தது. அந்தக் கம்பெனிக்குச் சென்னையிலயும் ஆபீஸ் இருந்தது. அந்த டிரைவரைப் பராமரிச்சவங்க பட்டியல்ல தமிழ்ப் பெயர்களும் இருக்கு. முதல் தடவை அதைப் பார்த்தப்போ சந்தோஷமா இருந்தது, மறைக்கல. ரெண்டு வருஷம் கழிச்சு, 2010 செப்டம்பர்ல, பிராட்காமும் தன் பக்கத்துல இருந்து ஒரு டிரைவரை சோர்ஸோட வெளியிட்டது.

என் கார்டுக்கு ரெண்டாவதும் மூணாவதும் இல்ல. முதல் வழிதான் மிச்சம். விண்டோஸ் டிரைவரை இறக்கிப் போட்டேன். ஏத்துக்கல. திரும்பப் போட்டேன். ஏத்துக்கல. அப்புறம்தான் புரிஞ்சது: நான் போட்டிருந்தது 64-பிட் லினக்ஸ், இறக்கினது 32-பிட் டிரைவர். பெஞ்சோட உயரமே வேற. விஸ்டாவுக்குப் பிறகு வந்த புது வகை டிரைவரும் இதுல ஓடாது. எக்ஸ்பி காலத்து 64-பிட் டிரைவர்தான் வேணும். அதைத் தேடிக் கண்டுபிடிச்சப்போ 1 ஜிபி-ல 40 எம்பி மிச்சம். விடியற்காலை நாலு மணிக்கு நண்பன் வீட்டு ரூட்டர் பேரு திரையில வந்தது. பக்கத்துல படுத்திருந்தவனை எழுப்பிக் காட்டினேன். "இதுக்காடா எழுப்பின?"ன்னு திரும்பிப் படுத்துட்டான்.

அவன் படுத்த பிறகு வானத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். சாயங்காலம் கேட்ட 1977 கதை அப்போதான் வேற மாதிரி புரிஞ்சது. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் செஞ்சது ரெண்டாவது வழி. பெட்டியைத் திறக்க முடியாது. வெளியே வர்ற சிக்னலை மட்டும் அளந்து, உள்ளே என்ன இருக்கும்னு சொல்லணும். அளவு சரியா இருந்தும் விளக்கம் தவறலாம். இன்னொருத்தர் வேற இடத்துல இருந்து அளந்து திருத்துவார். ரிவர்ஸ் இன்ஜினியரிங்கும் இப்படித்தான் நகருது.

ஒரே ஒரு வித்தியாசம். யுரேனஸ் நம்மகிட்ட எதையும் மறைக்கணும்னு நினைக்கல. தூரம்தான் காரணம். கார்டு விஷயத்துல தூரமே இல்ல. நம்ம காசு கொடுத்து வாங்கி, நம்ம மடியில இருக்கிற பொருள். அதோட மொழி மட்டும் நமக்குச் சொல்லப்படல.

இது பொழுதுபோக்குக்காரங்க பிரச்சினை மட்டும் இல்ல. 2011-ல தமிழ்நாடு அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கினப்போ, அதுல விண்டோஸோட சேர்த்து பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் சென்னையில உருவாக்கினது அது. லைசென்ஸ் காசு இல்லாம ஒரு பிள்ளை கம்ப்யூட்டர் கத்துக்க அது ஒரு வழி. வழி இருந்தாலும் கார்டு பேசலைன்னா நெட் இல்ல. பழைய லேப்டாப் கைமாறிக் கைமாறி வர்ற வீடுகள்ல, கம்பெனி கைவிட்ட கார்டு யார் கையில வந்து நிக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னைக்கு நிலைமை எவ்வளவோ மேல். பெரும்பாலான கார்டுகள் போட்டதும் ஓடுது. ஆனா உள்ளே ஏத்துற ஃபர்ம்வேர் இன்னும் பூட்டித்தான் இருக்கு. சுதந்திர மென்பொருள்ல கறாரா இருந்த டெபியன்கூட 2022-ல ஓட்டெடுப்பு வெச்சு, அந்த ஃபர்ம்வேரை இன்ஸ்டாலர்லயே சேர்க்க முடிவு செஞ்சது. கொள்கையை விட்டுட்டாங்கன்னு சிலருக்கு வருத்தம். நாலு மணி வரைக்கும் மொட்டை மாடியில உட்கார்ந்த எனக்கு, அந்த முடிவு சரின்னுதான் படுது.

அந்த டெஸ்ட்டா? எழுதினேன். கிடைக்கல. ஆனா அடுத்த வருஷம் வேற ஒரு இன்டர்வியூல "நீங்களா ஏதாவது சரி பண்ணியிருக்கீங்களா?"ன்னு கேட்டாங்க. இந்தக் கதையைத்தான் சொன்னேன். அந்த வேலையிலதான் இன்னும் இருக்கேன்.

உங்க வீட்டுல ஓரமாக் கிடக்கிற பழைய லேப்டாப்பை இந்த வாரம் ஒரு தடவை திறந்து பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.